பழைய யமஹா எஃப்ஜி-180 கிட்டார்: வாங்கும் முன்

வணக்கம். சிவப்பு லேபிள் ஒட்டிய யமஹா எஃப்ஜி-180 ஒன்றை "முழு மரத்தால் ஆனது" என்று விற்பவர் கூறுவதாகவும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேலே தடித்த தந்தி 4 மி.மீ. உயரத்தில் நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதல் கூற்று சரியன்று. 1966இல் வெளிவந்த இந்த மாடலின் மேற்பலகை, ஸ்ப்ரூஸ் மரத்தாள்களை ஒட்டிச் செய்த பிளைவுட்தான். ஒலித்துளையின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். முழு மரமானால் மேலே தெரியும் இழைக்கோடு விளிம்பிலும் அப்படியே இறங்கும், பிளைவுட்டில் அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும். இது குறையென்று நான் கருதவில்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இவை பிளவுபடாமல் இருப்பதற்கு அந்த ஒட்டுப்பலகையே பெரிய காரணம். ஜப்பானின் ஹமாமட்சு நகரத்து நிப்பான் கக்கி (1987இல்தான் நிறுவனத்தின் பெயர் யமஹா என மாறியது) அவற்றை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது தந்தி உயரத்தைப் பற்றித்தான்; அது மிகுந்தால் தந்தியை அழுத்தி வாசிப்பது கடினம். அதை 1.5 மி.மீ. குறைத்து 2.5 மி.மீ.க்குக் கொண்டுவர, சேடிலில் (தந்திகள் மேலே படிந்து நிற்கும் மெல்லிய பட்டை) அந்தக் குறைப்பைப்போல் இரு மடங்கு, அதாவது 3 மி.மீ. தேய்க்க வேண்டும். சேடிலைத் தாங்கும் மரக்கட்டையான பிரிட்ஜுக்கு மேலே அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2 மி.மீ. மட்டுமே இருந்தால் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தித்தான் ஆக வேண்டும். அந்தக் கூலி கிட்டாரின் விலையையே தாண்டிவிடலாம். அப்படியிருந்தால் வாங்காதீர்கள். சேடில் போதிய உயரம் இருந்தால், "முழு மரம்" என்று ஏற்றிய விலையைக் குறைக்கச் சொல்லி, தயங்காமல் வாங்குங்கள்.