கேசினோ விடுதி ஊருக்கு வருகிறதா? கேள்வி பதில்

பெரிய கேசினோ விடுதி (சூதாட்டக் கூடத்தோடு கூடிய தங்கும் விடுதி) ஒன்று தங்கள் பகுதிக்கு வரப்போகிறது என்று கேட்டுக் கலங்கியவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இத்தகைய திட்ட அறிக்கைகளையும் ஒப்பந்தங்களையும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அனுமதி கையெழுத்தாவதற்கு முன்பு கேட்கும் கேள்விக்குத்தான் பலம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆயிரக்கணக்கானோருக்கு வேலை என்கிறார்கள். நம்பலாமா?

வேலை வரும். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த எண்ணிக்கையைப் பிரித்துக் கேளுங்கள். கட்டுமானத்தோடு முடிந்துபோகும் வேலை எத்தனை, முழுநேர நிரந்தர வேலை எத்தனை, பகுதிநேரம் எத்தனை? உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு பங்கு, அதைத் தராவிட்டால் என்ன அபராதம்?

அந்த வேலை எத்தனை காலம் நிலைக்கும் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நலிந்துகொண்டிருந்த கடற்கரை நகரம். அதை மீட்பதற்காக 1976இல் நியூ ஜெர்சி வாக்காளர்கள் அங்கே மட்டும் கேசினோவை அனுமதித்தார்கள். 1978இல் முதல் கேசினோ திறந்தது, நீண்ட காலம் பணம் கொழித்தது. 2006 முதல் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் கேசினோக்கள் திறக்கவே, கூட்டம் பிரிந்தது. 2014ஆம் ஆண்டில் மட்டும் நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன. அவற்றில் ஒன்று சுமார் 240 கோடி டாலர் செலவில் கட்டப்பட்டு, திறந்து இரண்டரை ஆண்டுகூட ஆகாதது. 2016இல் நகரத்தின் நிதி நிர்வாகத்தை மாநில அரசே கையில் எடுக்க வேண்டி வந்தது. பக்கத்தில் இன்னொரு கேசினோ வந்தால் வருமானம் என்னவாகும் என்ற கணக்கு உங்கள் திட்ட அறிக்கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சிறிய உணவகம் நடத்துகிறேன். கூட்டம் வந்தால் எனக்கும் வியாபாரம் பெருகும்தானே?

பெருகலாம், ஆனால் தானாகப் பெருகாது. இந்த விடுதிகள் வந்தவரை வெளியே விடாதபடி திட்டமிட்டுக் கட்டப்படுபவை. வாகன நிறுத்தம், உணவகம், அரங்கம், கடைகள் எல்லாம் உள்ளேயே இருக்கும். தொடர்ந்து ஆடுபவர்களுக்குச் சாப்பாடும் அறையும் சலுகைச் சீட்டில் இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. இலவசச் சாப்பாட்டோடு நீங்கள் விலையில் போட்டியிட முடியாது. அந்தச் சலுகைச் சீட்டுகளை வெளியிலுள்ள கடைகளிலும் ஏற்கச் செய்ய வேண்டும், கட்டடத்தின் வாசல்கள் கடைத்தெருவைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்ற இரண்டையும் வியாபாரிகள் சேர்ந்து கேளுங்கள்.

வரிப்பணத்தில் பள்ளிகளும் சாலைகளும் வரும் என்கிறார்களே?

கேசினோ வரி பெரும்பாலும் மொத்தச் சூதாட்ட வருவாயின் மீது போடப்படுகிறது. அந்த வருவாய் என்பது ஆடுபவர்கள் தோற்ற பணம்தான். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டுவது ரூலட் ஆட்டம். ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 37 எண்கள் உண்டு. ஒற்றை எண்ணில் ஜெயித்தவருக்குப் பந்தயப் பணம் திரும்பி வருவதோடு, அதைப் போல 35 மடங்குதான் கிடைக்கும். பந்தயப் பணத்தில் ஏறக்குறைய 2.7 விழுக்காடு கூடத்துக்கே மிஞ்சும்படி கணக்கு அமைந்திருக்கிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்தவர் கையில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பணம் யாருடையது என்பதுதான் என்னை வருத்தும் கேள்வி. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010இல் தந்த அறிக்கை, சூதாட்ட எந்திரங்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 விழுக்காடு சூதாட்டச் சிக்கலில் மாட்டியவர்களிடமிருந்து வருவதாக மதிப்பிட்டது. பள்ளிக்கூடம் கட்டத்தான் வேண்டும். அதற்கு இந்தக் குடும்பங்கள் பணம் கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

என் கணவருக்கு ஏற்கெனவே சீட்டாட்டப் பழக்கம். இப்போது தொலைவாக இருப்பதால் எப்போதாவதுதான் போகிறார். நடந்துபோகும் தூரத்தில் வந்துவிட்டால்?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. இதை மன உறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே சூதாட்டக் கோளாறு இருக்கிறது. தூரமும் ஒரு தடைதான். அது நீங்கும்போது வேறு தடைகளை வைக்க வேண்டியது அரசின் கடமை.

சிங்கப்பூரில் 2010இல் இரண்டு கேசினோ விடுதிகள் திறந்தபோது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நாளொன்றுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுக் கட்டணம் விதித்தார்கள். 2019இல் அது 150 ஆனது. கூடத்துக்குள் ஏடிஎம் வைக்கத் தடை உண்டு. குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் ஆணை பெறவும் வழி இருக்கிறது. ஜப்பானின் 2018ஆம் ஆண்டுச் சட்டமோ உள்நாட்டவர் ஏழு நாட்களில் மூன்று முறைக்கு மேலும், 28 நாட்களில் பத்து முறைக்கு மேலும் நுழைய முடியாது என்கிறது.

இவற்றில் நான் பெரிதாக மதிப்பது குடும்பத் தடை ஆணையைத்தான். கட்டணத்தைக் கட்டிவிட்டு, அந்தப் பணத்தையும் மீட்க வேண்டும் என்று ஆடுபவர்கள் உண்டு. ஆணை இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உங்கள் பகுதித் திட்டத்தில் இது உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். திறப்பு விழா வரை காத்திருக்காமல், கணவரை இப்போதே ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

குற்றங்கள் கூடுமா?

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 1977 முதல் 1996 வரையிலான அமெரிக்க மாவட்டப் புள்ளிவிவரங்களை வைத்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, தொடக்கத்தில் சிறிதாக இருக்கும் விளைவு சில ஆண்டுகளில் வளர்கிறது என்றது. வந்துபோகும் பயணிகளையும் மக்கள்தொகையோடு சேர்த்து எண்ணினால் அந்த உயர்வு சுருங்கும் என்று மறுத்தவர்களும் உண்டு. அதனால் முதல் ஆண்டுப் புள்ளிவிவரத்தைக் காட்டி யாரும் உங்களைச் சமாதானப்படுத்த இடம் கொடுக்காதீர்கள்.

எல்லாச் செலவும் நிறுவனத்துடையது, மக்கள் பணம் ஒரு காசும் போகாது என்கிறார்களே?

ஜப்பானின் ஒசாகா நகரத்தைப் பாருங்கள். அங்கே கேசினோ வரும் யுமெஷிமா கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவு. மண் மாசையும் நில நடுக்கத்தில் மண் இளகும் ஆபத்தையும் சரிசெய்ய சுமார் 7,900 கோடி யென்னை நகராட்சியே ஏற்க வேண்டியதாயிற்று. நிலம், சாலை, கழிவுநீர், குடிநீர் ஒவ்வொன்றுக்கும் யார் கொடுக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

படத்தில் அழகான கோபுரம் காட்டினார்கள். அப்படியே கட்டுவார்களா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் 2013இல் மக்கள் வாக்களித்தபோது காட்டிய திட்டத்தில் 25 மாடிக் கோபுரம் இருந்தது. 2015இல் அது ஆறு மாடி விடுதியாகச் சுருங்கியது. ஒப்பந்தத்தோடு இணைக்கப்படாத படம் யாரையும் கட்டுப்படுத்தாது.

எல்லாம் மேலே முடிவாகிவிட்டதாம். இனி நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஜப்பானின் யோகோஹாமா நகரத்திலும் இப்படித்தான் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் கேசினோவை எதிர்த்தவர் மேயராக வென்று, திட்டத்தைக் கைவிட்டார். 2022இல் அதே நாட்டின் வகயாமா மாகாண அவை தன் திட்டத்தை நிராகரித்தது. மாசசூசெட்ஸின் பால்மர் என்ற ஊரில் 2013இல் நூற்றுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் கேசினோ தோற்றது. எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. ஒசாகாவில் வாக்கெடுப்பு கேட்டுப் பெரும் கையெழுத்துத் திரட்டியும் மாகாண அவை 2022இல் மறுத்துவிட்டது.

உங்கள் ஊரில் பொதுக் கருத்துக்கேட்பு எப்போது என்று இந்த வாரமே விசாரியுங்கள். திட்ட அறிக்கையின் நகலை வாங்கி, போக்குவரத்து, தண்ணீர், வேலை, சூதாட்டக் கோளாறுக்கான சிகிச்சை நிதி என்று நான்கு பேர் ஆளுக்கொரு பகுதியைப் படித்துக் குறிப்பெடுங்கள். ஆட்சேபங்களை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அறிக்கையில் புரியாத பக்கம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.