வண்டியின் பின் டிஃபரன்ஷியலில் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஆயில் கசிகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் சீல் (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வாங்கக் கடைக்குப் போகும் முன் பிரீதரைப் பாருங்கள். பின் ஆக்சிலின் மேல் இருக்கும் அந்தச் சிறிய மூச்சுத்துளை சேற்றால் அடைத்துக்கொண்டால், ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலை சீல் வழியாகத் தள்ளிவிடும். அதைக் கவனிக்காமல் புது சீல் போட்டால் அதுவும் கசியும்; இப்படிப் பணம் வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பிறகு ஹவுசிங்கை (டிஃபரன்ஷியலின் வெளிக்கூட்டை) நன்றாகத் துடைத்து, சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஈரம் எங்கே துளிர்க்கிறது என்று பாருங்கள். பின்மூடியின் விளிம்பு என்றால் வேலை எளிது. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று உறுதிசெய்த பிறகே பழைய ஆயிலை வடியுங்கள். மூடிக்கும் ஹவுசிங்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியெடுத்து, புதியதை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். கையேட்டில் சொன்ன கியர் ஆயிலை (பல வண்டிகளுக்கு 80டபிள்யூ-90, ஜிஎல்-5) ஊற்றுதுளையின் கீழ் விளிம்பு வரை நிரப்புங்கள்.

பிரேக் டிரம் பக்கம் நனைந்திருந்தால் ஆக்சில் சீல்; ஆயில் ஊறிய பிரேக் ஷூவையும் மாற்றியாக வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழல்தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் சேருமிடத்தில் கசிந்தால் பினியன் சீல். இதை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். அங்குள்ள நட்டைக் கூடுதலாக இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெட்டுவிடும். பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கும்.