வாழைநாரும் காபன் நாரும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பேராதனையில் இயந்திரப் பொறியியல் இறுதி வருடம் படிக்கிறேன். ஊர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். நீங்கள் கொழுந்துக் கூடை பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தைரியம் வந்தது.

இறுதி வருட ஆய்வுக்கு வாழைநாரும் பொலியெஸ்டர் பிசினும் சேர்த்துத் தகடு செய்தேன். 20 துண்டுகளை இழுத்துப் பார்த்ததில் ஒன்று தாங்கிய சுமையில் பாதியைக்கூட இன்னொன்று தாங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. எனக்கு இந்தப் பாடம் சரிவருமா என்று பயமாக இருக்கிறது. ஆனால் விடவும் மனமில்லை.

இப்படி இரண்டு பொருளைச் சேர்த்துச் செய்யும் கூட்டுப்பொருட்களில் முதுமாணி செய்ய இங்கிலாந்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு வருடப் படிப்பு, காசு நாங்களே கட்ட வேண்டும். அம்மாவுக்கு இந்த வருடம் 50 முடிகிறது. சேமலாப நிதியை எடுத்துத் தருகிறேன் என்கிறார். அப்பாவோ, "பிளேன் செய்ற படிப்ப படிச்சிட்டு இந்த நாட்டுல என்னா செய்யப் போற?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும்? என் பெயரைப் போட வேண்டாம்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி

•

அன்புள்ள தங்கச்சிக்கு,

உடைந்த அந்த 20 துண்டுகளும் இன்னும் கையில் இருக்கின்றனவா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இருந்தால் நல்ல வெளிச்சத்தில் வைத்து உடைந்த முகத்தைப் பாருங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் போதும்.

சில துண்டுகளில் நார்கள் தாடி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்த் துண்டில் அதே இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அங்கே நார் அறுந்துபோகவில்லை, பிசினுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறது. வேறு சில துண்டுகளில் நாரும் பிசினும் கத்தியால் வெட்டினது போல ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கே ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது, நார் தன் பலம் முழுவதையும் கொடுத்துவிட்டுத்தான் அறுந்திருக்கிறது. இன்னும் சிலவற்றில் கடுகளவு காற்றுக் குமிழ் இருக்கும், உடைவு அங்கிருந்து கிளம்பியிருக்கும்.

வாழைநாரின் உடம்பு செலுலோசு. அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பிசினுக்குத் தண்ணீர் ஆகாது. பேராதனையில் மழைக்காலத்தில் நாரை இரண்டு நாள் மேசையில் திறந்து வைத்தாலே போதும், அது ஈரம் குடித்துவிடும். எந்தத் தகட்டை எந்தத் தேதியில் வார்த்தீர்கள் என்று கொப்பியில் குறித்திருந்தால், உடைந்த சுமைக்குப் பக்கத்தில் அந்தத் தேதியையும், முடிந்தால் அன்றைய மழையையும் எழுதிப் பாருங்கள். நாரைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்துக் கழுவிச் சூளையில் காயவைப்பது இந்தத் துறையில் வழக்கம். மேலே இருக்கும் மெழுகும் பசையும் போய் நார் சொரசொரப்பாகும், பிசின் பிடித்துக்கொள்ளும். கரைசல் கடுமையானால் நாரே நைந்துவிடும்.

அப்படியென்றால் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒட்டு மிகவும் இறுகிப்போனால் பிசினில் வரும் வெடிப்பு நார்களையும் அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிடும். ஓரளவு விட்டுக்கொடுக்கும் ஒட்டு இருந்தால் வெடிப்பு நாரை வந்து தொடும்போது பக்கவாட்டில் திரும்பும், நார் உருவிவரும்போது உரசும், அந்த உரசலில் அடியின் வேகம் கரையும். பலம் வேறு, உடையாமல் தாக்குப்பிடிக்கும் தன்மை வேறு என்பது எனக்கு உண்மையில் விளங்கியது அப்படி உடைந்த ஒரு துண்டைக் கையில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான்.

அதனால் பயப்படாதீர்கள். ஒரு துண்டு தாங்கியதில் பாதியை ஏன் இன்னொன்று தாங்கவில்லை என்ற உங்கள் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தத் துறையில் ஆட்கள் வருடக்கணக்காக ஆய்வு செய்கிறார்கள். ஆய்வுக்குக் கேள்வி தேடி அலைபவர்கள் பலர். உங்களிடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

சரி, முதுமாணியில் என்ன சொல்லித்தருவார்கள்? முக்கியமாகத் திசை. இரும்புத் தகட்டை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். நார் அப்படி இல்லை, நீளவாக்கில்தான் அதற்குப் பலம். அம்மா முதுகில் சுமந்த மூங்கில் கூடையை நினைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேலே ஏறும் பிளாச்சு பாரத்தைத் தாங்கும், சுற்றிப் பின்னும் பிளாச்சு கூடை விரியாமல் பிடிக்கும். எந்தப் பிளாச்சு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடைகிறவர் கையாலேயே கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கை 0, 45, 90 பாகை என்று அடுக்கடுக்காகத் தாளில் போடுவதுதான் படலக் கோட்பாடு. பிறகு, எந்த அடுக்கு எப்போது உடையும் என்று சொல்லும் விதிகள் வரும். 1971இல் வெளிவந்த சாய்–வூ விதியை இன்றைக்கும் கணினி மென்பொருள்களில் பார்ப்பீர்கள்.

காபன் நாரையும் கொஞ்சம் சொல்கிறேன். அதன் மூலப்பொருள் பெரும்பாலும் அக்ரிலிக் நூல். நுவரெலியாக் குளிருக்கு நாம் போடும் அக்ரிலிக் ஸ்வெட்டர் நூலும் அதே குடும்பம்தான். அதை முதலில் காற்றில் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை வாட்டி, அப்புறம் நைதரசனில் 1000 பாகைக்கும் மேல் சூடாக்கினால் ஏறக்குறையக் காபன் மட்டும் மிஞ்சும். ஒரு இழை 5 முதல் 7 மைக்ரோன், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த நாரும் பிசினும் சேர்ந்த தகட்டின் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு.

நான் படிக்கப் போன இடத்தில் முதன்முதலாகச் செய்த தகட்டை இன்னும் மறக்கவில்லை. நார்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடும், பிசின் ஊறிய காபன் நார்த் தாளை −18 பாகையில் பிரீசரில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்கக்கூடாது, பிரித்தால் அதன்மேல் பனி நீர் கோத்துவிடும். காத்திருந்து, இரண்டே அடுக்கு வைத்தேன், ஒன்று நெடுக்கு, ஒன்று குறுக்கு. மேலே பை மூடி, ஓரமெல்லாம் பசைநாடா ஒட்டி, காற்றை உறிஞ்ச விட்டேன். எங்கோ மெல்லிய விசில் சத்தம் கேட்டது. காதை ஓரத்தோடு வைத்துத் தவழ்ந்து தவழ்ந்து தேடி, ஒரு மூலையில் நாடா மடிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து அழுத்தியதும் நின்றது. 180 பாகையில் வெந்து, ஆறி, மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் தகடு பொரித்த பப்படம் மாதிரி வளைந்து கிடக்கிறது. காபன் நார் நீளவாக்கில் சூட்டுக்கு நீளவும் மாட்டாது, ஆறினால் சுருங்கவும் மாட்டாது என்றே சொல்லலாம். குறுக்குவாக்கில் பிசின் சுருங்கும். இரண்டு அடுக்கும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் தகடு வளைந்துவிட்டது. அடுத்த தடவை நெடுக்கு, குறுக்கு, குறுக்கு, நெடுக்கு என்று கண்ணாடியில் பார்த்தாற்போல நான்கு அடுக்கு வைத்தேன். மேசை மாதிரி தட்டையாக வந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இடம் தந்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்று விஷயம் கேளுங்கள். என் கையால் தகடு செய்ய விடுவீர்களா? சோதனை இயந்திரத்தில் எனக்கு எத்தனை நாள் கிடைக்கும்? ஆய்வு முழுவதும் கணினியிலேயே முடிந்துவிடுமா? கை வைக்க விடாத படிப்பு என்றால், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் போகச் சொல்லமாட்டேன்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. விமானம் உண்மைதான், 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இன் எடையில் ஏறக்குறையப் பாதி கூட்டுப்பொருள். ஆனால் அப்பாவை ஒருநாள் அம்பேவெலவுக்குக் கூட்டிப் போய் அங்கே சுற்றும் காற்றாலைகளைக் காட்டுங்கள். இப்படிப்பட்ட இறக்கைகளைப் பொதுவாகக் கண்ணாடி நாரும் பிசினும் கொண்டே செய்கிறார்கள். மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள், 100 மெகாவாட். இறக்கையின் முன்விளிம்பை மழைத்துளி அரிக்கும், அதைப் பார்க்கவும் பழுதுபார்க்கவும் படித்த ஆள் வேண்டும். கரையோரத்தில் மீன்பிடிப் படகுகள் பைபர்கிளாஸ். பழைய கொங்கிறீட் தூணுக்கும் காபன் துணி சுற்றிப் பலம் ஏற்றுகிறார்கள்.

அதைவிடக் கிட்ட இருப்பது நம் தலைக்கு மேலே இருக்கும் கூரை. அஸ்பெஸ்டோஸ் தகடும் ஒரு கூட்டுப்பொருள்தான், சீமெந்துக்குள் நார். அந்த நாரின் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தோட்டத்து லய வீடுகளில் கூரை மாற்றும்போது பழைய தகட்டை வாளால் அறுப்பதையும், வெள்ளைத் தூசு பறக்கப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பதையும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. அதற்குப் பதிலாகத் தாவர நாரைச் சீமெந்தில் போடலாம், போட்டும் செய்கிறார்கள். ஆனால் சீமெந்தின் காரம் காலப்போக்கில் நாரைத் தின்றுவிடும், நனைந்து காய்ந்து நனைந்து காயும் இடத்தில் இன்னும் வேகமாக. நம் மலையைப் போல நனைந்து காயும் இடம் வேறு எங்கே? வாழைநாரை அந்தக் காரத்திலிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று உங்களைப் போல ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

இனிக் காசு. அம்மாவின் சேமலாப நிதியைத் தொடாதீர்கள். 50 வயதில் ஒரு பெண்ணுக்குக் கையில் வரும் அந்தக் காசு, எத்தனையோ வருடம் விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, அட்டைக்கடியோடு மலையேறிச் சேர்த்தது. அவர் மனதாரத் தருவார், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வருடக் கட்டணத்துக்கு அதைக் கொடுத்துவிட்டால் அவருடைய முதுமைக்கு என்ன மிஞ்சும்?

வேறு வழி இருக்கிறது. கிடைத்த இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள், பல பல்கலைக்கழகங்கள் சம்மதிக்கும். இடையில் பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கும், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுமாணிக்கும் விண்ணப்பியுங்கள். அமெரிக்காவில் முதுமாணி இல்லாமலேயே நேராகக் கலாநிதிப் படிப்பில் சேர்ந்து, ஆய்வு உதவியாளராக இருந்து கட்டணமும் மாதப் படியும் பெறலாம். டெலவெயர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே 1974இலிருந்து ஒரு மையம் இருக்கிறது. நெதர்லாந்தில் கலாநிதி மாணவரைச் சம்பளத்துக்கு வேலைக்கு எடுக்கிறார்கள். இவை எல்லாம் தாமதமானால் பேராதனையிலோ, மூலப்பொருள் விஞ்ஞானத்துக்குத் தனித் துறை உள்ள மொரட்டுவையிலோ ஆய்வுப் பட்டத்துக்குச் சேரலாம், உங்கள் வாழைநாரோடேயே. எனக்கும் முதல் முறை புலமைப்பரிசில் கிடைக்கவில்லை, இரண்டாம் முறைதான் கிடைத்தது. அந்த ஒரு வருடத்தில் நான் செய்த சோதனைகள்தான் இரண்டாவது விண்ணப்பத்தைத் தூக்கிவிட்டன.

இப்போதைக்கு உடைந்த துண்டுகளைச் சோடி சோடியாகப் பொலித்தீன் பையில் கட்டி, வார்த்த தேதியை எழுதி வையுங்கள். உடைந்த முகங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா