ஓடையைத் தாண்டாமல் அளக்க முடியுமா?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மோட்டார் ரூம் எங்கள் எல்லைக்குள் வருகிறதோ என்று சந்தேகம். பக்கத்துக்காரர் உள்ளே விடமாட்டார்.

போகவே வேண்டாம். உங்கள் கரையில் இருக்கும் இரண்டு சர்வே கற்களுக்கு இடையே புலப்படத்தில் (நிலத்தின் சர்வே வரைபடத்தில்) ஜி லைன், அதாவது கல்லுக்குக் கல் இழுத்த அளவுக்கோடு, இருக்கிறதா பாருங்கள். இரண்டிலும் கழி நட்டுக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் இரண்டடிச் சதுரம் போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடியுங்கள். சதுரத்தின் ஒரு பக்கத்து ஆணிகள் கழியோடு ஒரே நேராக நிற்க, அதற்குக் குறுக்கே உள்ள பக்கத்து ஆணிகளுக்கு நேராக ரூமின் மூலை தெரியும் இடத்தில் ஒரு முளை. பிறகு அதே கோட்டில் விலகிப் போய், மூலைவிட்டத்து ஆணிகளுக்கு நேராக அதே மூலை தெரியும் இடத்தில் இன்னொரு முளை. முளைக்கு முளை எவ்வளவோ, கோட்டிலிருந்து ரூமுக்கும் அவ்வளவு. 45 டிகிரியின் வேலை அது. கண் ஒரு டிகிரி பிசகினால் 32 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் தவறும். மூன்று தடவை பாருங்கள். முதல் முளை கல்லிலிருந்து எத்தனை தூரம் என்பதையும் குறித்து, அந்த இடத்தில் எல்லைக்குப் போட்டிருக்கும் ஆஃப்செட்டோடு, அதாவது கோட்டிலிருந்து எல்லைவரை செங்குத்தாக உள்ள தூரத்தோடு, ஒப்பிடுங்கள்.

ஆஃப்செட் 175 என்று இருக்கிறது. அடியா, மீட்டரா?

பழைய படம் என்றால் இரண்டுமில்லை, லிங்க். நூறு லிங்க் ஒரு செயின், 66 அடி. 175 லிங்க் 35.2 மீட்டர். இதை மீட்டர் என்று படித்துச் சண்டைக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரிவில் டேப்பைத் தரையோடு இழுக்கலாமா?

கூடாது. 15 டிகிரிச் சரிவில் 30 மீட்டர் இழுத்தால் படத்தில் அது 29தான். டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்குங்கள்.

கஞ்சமலை அடிவாரத்தில் எங்கள் நிலம். போன் காம்பஸில் கோணம் எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் மாறுகிறது.

மாறாமல் என்ன செய்யும்? அது காந்த இரும்புத்தாது மலை. திசையை விடுங்கள், இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள கோணத்தை நேராக அளங்கள்.

ஒரு கட்டடத்தின் தூரம் அறிய, 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்திலிருந்து கோணம் எடுத்துக் கணக்குப் போட்டேன், 80, 85 டிகிரி. 76 மீட்டர் வந்தது, மறுநாள் 81. ஏன்?

அடிக்கோடு, அதாவது அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள கோடு, வெறும் 20 மீட்டர் என்கிறீர்கள். அதில் 80, 85 டிகிரி என்றால் கட்டடத்தில் கோடுகள் 15 டிகிரியில்தான் சந்திக்கும். 80 டிகிரி 81 ஆனாலே ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். அடிக்கோட்டை 70, 80 மீட்டருக்கு நீட்டுங்கள்.

இந்தக் கணக்கைக் கோர்ட்டில் காட்டலாமா?

அரசு சர்வேயர் அளந்து கொடுப்பதுதான் செல்லும். மனு போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இது போதும்.