கம்யூனிட்டி காலேஜில் வானியல் படித்துவிட்டு யூசிக்கு மாற முடியுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். மகளுக்கு வானியல் மேல் ஆசை. இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கினால் பிறகு யூசியில் (பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகம்) சேர முடியுமா, இல்லை அங்கேயே தேங்கிவிடுவாளா?

தாராளமாகச் சேருங்கள். நானும் அந்த வழியாகப் போனவன்தான். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர்தான் கட்டணம். வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் என்றால் இதைப் போலப் பல மடங்கு.

ஒன்றை மட்டும் இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள். வானியல் ஆசையில் வானியல் வகுப்புகளாக எடுத்துத் தள்ள வேண்டாம். 'அஸ்ட்ரானமி 10' மாதிரியான வகுப்புகள் எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவானவை. சுவாரஸ்யமாக இருக்கும், ஒன்று எடுக்கட்டும். ஆனால் பல்கலைக்கழகம் பார்ப்பது கால்குலஸும் இயற்பியலும்தான்.

இயற்பியலிலும் இரண்டு வகை உண்டு. கால்குலஸ் இல்லாதது பெரும்பாலும் உயிரியல், மருத்துவம் பக்கம் போகிறவர்களுக்கு. இவளுக்கு வேண்டியது பொறியியல் மாணவர்கள் எடுக்கும் கால்குலஸ் வழி இயற்பியல். எந்த வகுப்பு எந்த யூசியில் செல்லும் என்பது அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் கல்லூரிவாரியாக இருக்கிறது. கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போகட்டும். எல்லாக் கவுன்சிலருக்கும் இயற்பியல் வரிசை மனப்பாடமாக இருக்காது.

அந்த வரிசைதான் முக்கியம். முதலில் கால்குலஸ், அதைத் தொட்டுக்கொண்டு இயக்கவியல், அப்புறம் மின்காந்தவியல், கடைசியில் ஒளியியலும் நவீன இயற்பியலும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் விடமாட்டார்கள். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸில் உட்கார்ந்தால் இரண்டு வருடத்தில் முடியும். ப்ரீகால்குலஸில் தொடங்கினால் மூன்று வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. கடைசி வகுப்பைச் சில கல்லூரிகள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்தும். ஆள் சேரவில்லை என்று எனக்கு அதை ரத்தே செய்துவிட்டார்கள். பக்கத்து ஊர் கல்லூரியில் போய் எடுத்தேன். அப்படி இரண்டு கல்லூரிகளில் ஒரே நேரத்தில் படிக்கத் தடையில்லை.

படிப்பின் தரம் பற்றிக் கவலை வேண்டாம். வகுப்பு சிறியது, லேபிலும் பேராசிரியரே நிற்பார். விளக்கை அணைத்துவிட்டு ஹைட்ரஜன் வாயு அடைத்த குழாயை மின்சாரத்தில் ஒளிரவிட்டு, கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு) வழியே பார்த்துச் சிவப்புக் கோட்டின் கோணத்தை அளந்தோம். அதிலிருந்து கணக்கிட்டதில் எனக்கு அலைநீளம் 670 நானோமீட்டர் வந்தது. சரியான விடை 656. "சரி, குழாயை நேராக வைத்தாயா பார்" என்று பேராசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். வானியல் வகுப்பில் படமாகப் பார்த்த அதே கோடுதான். விண்வெளி வாயு மேகங்களான நெபுலாக்களின் சிவப்பும் அதுவே.

யூசியில் நேராக மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களும் 'டேக்' என்ற இட உத்தரவாதம் தருகின்றன. பாடங்களும் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணும் கேட்டபடி இருக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. லிக் வானாய்வகத்தை நடத்தும் அமைப்பு சாண்டா குரூஸில்தான் இருக்கிறது, வானியல்காரிக்கு அது மோசமான இடமில்லை. டேக் விண்ணப்பம் செப்டம்பரிலேயே முடிந்துவிடும், பொது விண்ணப்பத்துக்கு முன்னால். பலர் அதைத்தான் தவறவிடுகிறார்கள்.