ஃபார்ம்வில் மாதிரி சமூக விளையாட்டுகளிடம் ஆன்லைன் கடைகள் என்ன கற்கலாம்?

முக்கியமாக, வாங்க எதுவும் இல்லாத நாளிலும் ஆளை வரவைப்பது எப்படி என்று. 2009-ல் ஃபேஸ்புக்கில் வந்த ஃபார்ம்வில்லில் விதைத்ததை நேரத்துக்கு அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும், அதற்காகவே அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு (நானும்தான்). சீனாவின் பின்டுவோடுவோ என்ற ஷாப்பிங் செயலி இதை அப்படியே கடைக்குள் கொண்டுவந்தது. 2015-ல் அதைத் தொடங்கிய காலின் ஹுவாங் முன்பு கேம் கம்பெனி நடத்தியவர். அந்தச் செயலியில் ஒரு மரக்கன்று வளர்க்கலாம். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், பொருள் வாங்கினாலோ நண்பரை அழைத்தாலோ கூடுதல் தண்ணீர் கிடைக்கும், மரம் காய்த்தால் நிஜமாகவே ஒரு பெட்டி பழம் வீட்டுக்கு வரும். அப்புறம், கூட்டாக வாங்கினால் விலை குறையும் என்பதால் வாடிக்கையாளரே ஆள் பிடித்துத் தருகிறார். சக்கரத்தைச் சுழற்றினால் கூப்பன் என்று ஒரு பட்டனை ஒட்டிவைப்பதெல்லாம் இதில் சேராது. ஒருமுறை சுற்றினால் முடிந்தது, நாளைக்கும் வர அதில் என்ன இருக்கிறது?