சைக்கிளுக்கு லைசென்ஸ் தேவையா? கேள்வி பதில்

கேள்வி: நகராட்சிகள் சைக்கிளுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கினால், சிக்னலில் நிற்காமல் பாய்கிறவர்கள் அடங்குவார்களா சார்?

பதில்: அடங்க மாட்டார்கள். நம்பர் பிளேட் உள்ள வண்டிகளும்தான் சிவப்பு விளக்கைத் தாண்டுகின்றன. கனடாவின் டொராண்டோவில் 1935 முதல் 1957 வரை சைக்கிள் உரிமம் இருந்தது. அப்புறம் எடுத்துவிட்டார்கள். மறுபடி கொண்டுவரலாமா என்று பலமுறை யோசித்தும் வேண்டாம் என்றே முடிவானது. சைக்கிள் கைமாறிக்கொண்டே இருக்கும், பதிவேடு அதன் பின்னால் ஓட முடியாது. சிறுபிள்ளைகளுக்கு உரிமம் கொடுப்பதும் சிக்கல். எல்லாவற்றுக்கும் மேல், உரிமத்தால் ஒருவர் ஓட்டும் விதம் மாறுவதில்லை.

கேள்வி: திருட்டுப் போனால் கண்டுபிடிக்கவாவது உதவுமே?

பதில்: இதில் நான் உங்கள் பக்கம். உரிமம் என்பது ஓட்ட அனுமதி. பதிவு என்பது இது யாருடையது என்ற குறிப்பு. ஜப்பானில் 1994 முதல் பதிவு கட்டாயம், ஆனால் செய்யாதவருக்குத் தண்டனை கிடையாது. இலவசமாக, விருப்பப்பட்டவர் பதியும்படி இருந்தால் போதும் என்பேன். அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு நுழையும் குழாயின் அடியில் படிந்திருக்கும் மண்ணையும் கிரீஸையும் துணியால் துடையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஃபிரேம் நம்பர் பொறித்திருக்கும். போனில் படம் எடுத்து வையுங்கள். சைக்கிள் போன பிறகு அந்த எண் தெரியாமல் தவித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: பேட்டரி சைக்கிளுக்கு?

பதில்: வேகத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கி.மீ.யோடு உதவியை நிறுத்திக்கொண்டால் அது சைக்கிள்தான். 45 கி.மீ. வரை இழுத்தால் நம்பர் பிளேட் வேண்டும். சரியான பிரிவினை.

கேள்வி: சாலை வரி கட்டாதவர்களுக்குச் சாலையில் என்ன உரிமை?

பதில்: சாலையைத் தேய்ப்பது எடை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளைத் தொடர்ந்து ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று தெரிந்தது. 1,500 கிலோ காரையும், ஆளோடு 100 கிலோ வரும் சைக்கிளையும் அந்தக் கணக்கில் போட்டால் வித்தியாசம் ஐம்பதாயிரம் மடங்கு. லாரிகளை வைத்துக் கண்ட விதி என்பதால் இது தோராயம்தான். பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் நியாயம் மாறாது.

மேலே கேட்டவர்: எடை இருக்கட்டும். சின்னத் தொகை வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

பதில்: நெதர்லாந்து 1924 முதல் 1941 வரை வாங்கியது. கட்டியதற்கு அடையாளமாக ஒரு சிறு உலோகத் தகடு. வேலையில்லாதவர்களுக்கு இலவசம்தான், ஆனால் அவர்களுடைய தகட்டில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார்கள். வேலை தேடி அலைகிறவர் சைக்கிளில் போனால், அந்தத் துளையே அவர் நிலைமையை ஊருக்குச் சொல்லிவிடும். சின்னத் தொகை என்கிறீர்களே, யாருக்குச் சின்னது? சைக்கிளை விட்டால் வேறு வண்டியே இல்லாதவரிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வராது.

இன்னொருவர்: அதற்காக எல்லோரையும் விட்டுவிடுவதா? என் அம்மாவை இடித்துவிட்டு ஒருவன் நிற்காமல் போய்விட்டான்.

பதில்: அம்மா இப்போது நலமா? உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சைக்கிளில் மாட்டக்கூடிய தகடு உள்ளங்கை அளவுதான் இருக்கும். கீழே விழுந்தவரால் அதைப் படிக்க முடியாது. இழப்பீட்டுக்கு வழி காப்பீடு. சுவிட்சர்லாந்தில் சைக்கிளுக்குக் காப்பீட்டு ஸ்டிக்கர் கட்டாயமாக இருந்தது. பெரும்பாலானோரிடம் தனிப்பட்ட காப்பீடு ஏற்கெனவே இருந்ததால் 2012இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆளுக்குக் காப்பீடு என்றால் நானும் கூடவே நின்று கேட்பேன்.

கேள்வி: லைசென்ஸ் வந்தால் சிக்னலில் பயந்து நிற்பார்கள் அல்லவா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இன்று நான்காவது முறை இதே கேள்வி. இனி இதற்கு எழுத மாட்டேன்.

கேள்வி: எந்தப் பூட்டு நல்லது?

பதில்: என் துறை இல்லை, சைக்கிள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஃபிரேம் நம்பரைப் படம் எடுத்தாயிற்றா?

கேள்வி: எடுத்தேன் சார். பெயின்ட் மூடியிருக்கிறது. கடைசி எண் 3ஆ, 8ஆ என்று தெரியவில்லை.

பதில்: மெல்லிய தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். பள்ளம் வெள்ளையாகத் தெரியும். அப்படியும் பிடிபடாவிட்டால் இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள்.